அப்பாவுக்கு இறக்கை முளைத்த வியாழக்கிழமை

அத்தியாயம் 14

காலை ஆறு மணிக்குச் சொல் விழுந்தது.

இறக்கை.

அஞ்செல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பல்கூடத் துலக்கவில்லை. டேப்லெட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்று மூன்றாவது நாள். இன்னும் ஏழே ஏழு. 'நூறு நாள் நூறு படம்' குழுவில் தொடக்கத்தில் ஆயிரத்து நூறு பேர் இருந்தார்கள். இப்போது முப்பத்தெட்டுப் பேர்தான் மிச்சம். விதி சின்னது, ஆனால் இரக்கமில்லாதது. தினம் ஒரு சொல் வரும். அதற்கு ஒரு வேடிக்கைப் படம் வரைந்து அன்றைக்கே ஊர் பார்க்கப் போட வேண்டும். ஒரு நாள் விட்டால் அவுட். போட்ட படத்தை எடுத்தாலும் அவுட்.

நூறையும் முடிப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலைக் கண்காட்சிக் கூடத்தில் ஆளுக்கொரு சுவர் என்று போன வாரம் மெயில் வந்தது. அஞ்செல் அதை அம்மாவிடம் மட்டும்தான் காட்டினாள். அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் பட்டியல் போடுவார் என்று தெரியும். கீபோர்டு வகுப்பு, ஏழு மாதம். ஜெர்மன் வகுப்பு, ஒரு பருவம். தையல், பாதி ரவிக்கை. இருபத்தேழு வயதில் அஞ்செல் முழுசாக முடித்த காரியம் என்று அந்த வீட்டில் எதுவும் கிடையாது.

காட்டாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூற்று இரண்டு படங்களில் ஐம்பதுக்கு மேல் வருகிற கதாநாயகன் 'மீசை முசியே', அதாவது மீசைக்கார ஐயா. அப்பாவின் மீசை, அப்பாவின் லுங்கி, அப்பாவின் மடக்கு நாற்காலி. அப்பாவுக்குத்தான் விஷயம் தெரியாது. மகள் பூ, பட்டாம்பூச்சி வரைகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார் ஜோசப் ஆனந்த்.

கை பறந்தது. முதலில் மேகம். மேகத்தில் மடக்கு நாற்காலி. நாற்காலியில் மீசை முசியே, கண்ணை மூடிச் சிரித்தபடி. முதுகில் இரண்டு பெரிய வெள்ளை இறக்கை. கடல் காற்றில் லுங்கி பலூனாக உப்பி முட்டிக்கு மேலே ஏறி நிற்கிறது. கீழே கலங்கரை விளக்கத்தின் உச்சியில் காக்கா ஏட்டு, தலையில் நம் ஊர்ப் போலீசின் சிவப்புத் தொப்பி. வாயில் விசில். 'ஹெல்மெட் எங்கே?' என்று முசியேவை மடக்குகிறது.

லுங்கியின் கட்டத்துக்கு நிறம் போடும்போது அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

எட்டே காலுக்குப் படத்தைப் போட்டாள். எட்டரைக்குள் நானூறு பேர் பார்த்திருந்தார்கள். இதுவரை எந்தப் படத்துக்கும் இவ்வளவு வேகம் இல்லை.

"அம்மா! இங்க வா, இங்க வா!"

ரோசா மாவுக் கையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே, அச்சு அசல் உங்கப்பா."

"நல்லா இருக்குதா?"

"எனக்கு அனுப்பு. என் போனுக்கு."

"யாருக்கும் காட்டாத. அப்பாவுக்கு மட்டும் போயிடக்கூடாது."

"உங்கப்பா போனை எப்ப எடுத்திருக்காரு?"

உண்மைதான். ஜோசப் ஆனந்தின் போன் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் அணைந்து கிடக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த சொல்தா அவர். பென்ஷன் சம்பந்தமாகக் கடிதம் வந்தால் மட்டும் அந்தப் போன் வெளியே வரும்.

அஞ்செலுக்கு வியாழன் வார விடுப்பு. விடுதி வரவேற்பு மேசைக்குப் போக வேண்டாம். தன் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு மறுபடி படுத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் தூங்கியதில்லை.

* * *

பன்னிரண்டேகாலுக்கு விழித்தபோது போன் திரையில் பதினேழு தவறிய அழைப்புகள். பதினெட்டாவது வந்துகொண்டிருந்தது. செத்ரிக். பாரிசுப் பக்கம் செர்ஜியில் இருக்கும் சித்தப்பா மகன்.

"என்னடா, அங்க இன்னும் விடியவே இல்லையே?"

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"அக்கா... எப்படிக்கா? ராத்திரியா, காலையிலயா?"

"எது?"

"பெரியப்பா."

"பெரியப்பாவுக்கு என்ன? கூடத்துல உக்காந்து பேப்பர் படிக்கறாரு."

செத்ரிக் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

"குரூப்பைப் பாருக்கா."

அஞ்செல் குடும்பக் குழுவைத் திறந்தாள். அறுபத்து நான்கு செய்திகள். எல்லாவற்றுக்கும் மேலே, காலை எட்டு நாற்பதுக்கு, ரோசா போட்ட படம்.

அவள் வரைந்த படம்தான். ஆனால் பாதி. கீழ்ப் பாதியைக் காணோம். லுங்கி இல்லை. கலங்கரை விளக்கம் இல்லை. காக்கா ஏட்டு இல்லை. மேகத்தின் நடுவே அப்பா, கண் மூடி, சாந்தமாகச் சிரித்தபடி, முதுகில் வெள்ளை இறக்கைகள். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் இல்லை. கூப்பிய கைகள் மட்டும்.

அந்தக் குழுவில் சாவுச் செய்தி எப்போதும் இப்படித்தான் வரும். போன மாதம் ஒழுகரை மாமா போனபோதும் ஸ்டூடியோக்காரர் அவர் முதுகில் இறக்கை ஒட்டி மேகத்தில் நிறுத்தித்தான் அனுப்பியிருந்தார். பார்த்தவுடன் எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள்.

இப்போதும் யாரும் கேட்கவில்லை. தமிழிலும் பிரெஞ்சிலும் நித்திய இளைப்பாற்றி வேண்டியிருந்தார்கள். ரெயூனியன் தீவில் இருக்கும் ஒருவர் பூசைக்கே சொல்லிவிட்டார்.

"அம்மா!"

ரோசா மீன் குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது என்ன?"

"நம்ம படந்தான். அழகா இருக்குதேன்னு போட்டேன். உன் பேரு வெளியில தெரிய வேணாமா?"

"மீதிப் பாதி எங்க?"

"லுங்கி தூக்கிக்கிட்டு முட்டி தெரியுதுடி. அந்தக் குரூப்புல ஒரு சாமியாரு இருக்காரு. அதான் வெட்டிட்டேன்."

"இந்தக் கும்பிடு எதுக்கு?"

"நான் எல்லாத்துக்கும் அதானே போடுவேன். குட்மார்னிங்குக்கும் அதான்."

அஞ்செல் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரோசா வாசித்தாள். கரண்டி தரையில் விழுந்தது.

"ஐயையோ, மாதாவே."

"அக்கா, இருக்கியா?" செத்ரிக் இன்னும் இணைப்பில்தான் இருந்தான். "நான் ஒண்ணு செஞ்சிட்டேன்க்கா. அப்பா குரூப்புல இல்லல்ல. நான்தான் படத்தைக் காட்டினேன். அப்பா ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டாரு."

அஞ்செல் அடுப்பை அணைத்தாள்.

ஆலேன் சித்தப்பா எட்டு வருஷத்துக்கு முன் அந்தக் குழுவிலிருந்து வெளியேறியவர். குழுவிலிருந்து மட்டுமில்லை, இந்த வீட்டிலிருந்தே. அண்ணன் தம்பிகளின் அம்மா இறந்தபோது அவர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார். உப்பளம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த கையோடு, சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஜோசப் ஆனந்த் போனில் ஒரே வரி சொன்னார். "என் சாவுக்கும் நீ வந்துடாத." அந்தப் பக்கமிருந்து ஒரே வரிதான் பதிலும். "வரமாட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

"செத்ரிக், உடனே போன் போட்டுச் சொல்லுடா. பொய்யின்னு சொல்லு."

"மாட்டேன்க்கா."

"டேய்!"

"எட்டு வருஷத்துல இன்னிக்குத்தான்க்கா அண்ணன்னு ஒரு வார்த்தை அவரு வாயில வந்துது. அழுதுகிட்டே பெட்டி கட்டினாரு. ரெண்டு கால்லயும் வேற வேற சாக்ஸ். நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க சொல்லுங்க. பன்னெண்டு மணிக்கு ஃப்ளைட்டு, உங்களுக்கு நாலரை."

வைத்துவிட்டான்.

அஞ்செல் குழுவில் 'அப்பா நலமாக இருக்கிறார், முழுப் படம் இதோ' என்று தட்டிப் போட்டாள். சிரிப்பும் திட்டும் கொட்டின. அது எதுவும் ஆலேனுக்குப் போய்ச் சேராது.

"அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் ரோசாவிடம்.

"முதல்ல சாப்பிடட்டும். வெறும் வயித்துல சொல்லாத."

வாசல் மணி அடித்தது.

* * *

கதவைத் திறந்தது ஜோசப் ஆனந்த்.

வாசலில் கமலக்கண்ணன். அடுத்த தெரு. தினம் காலை அவரோடு கடற்கரைச் சாலையில் நடக்கிறவர். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமலக்கண்ணனின் வாய் திறந்தது, மூடவில்லை. பிறகு மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்த மாலை ஒளிக்கிற அளவில் இல்லை.

"என்னய்யா இது?"

"சும்மா. கோயிலுக்கு."

"எந்தக் கோயிலுக்கு?"

"மணக்குள விநாயகருக்கு."

"புள்ளையாருக்கு அருகம்புல்லு போடுவ. ரோஜா மாலையைத் தூக்கிக்கிட்டு எங்க வூட்டுக்கு ஏன்யா வர்ற? என்னைப் பாத்து ஏன் அழுவுற?"

கமலக்கண்ணன் மாலையைக் கீழே வைத்தார். அப்படியே ஜோசப் ஆனந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"காலையில எங்கூட நடந்த மனுசன்யா நீ! எம் பொண்டாட்டி செல்வாம்பா போன்ல ரோசா வச்ச ஸ்டேட்டஸ் பாத்துட்டு, அண்ணன் போயிட்டாருங்கன்னு கத்தறா. மேகத்துல உக்காந்திருக்க நீ. ரெக்கையோட. செருப்புகூடப் போடாம ஓடியாந்தேன்யா!"

அஞ்செல் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் கழித்து அப்பா உள்ளே வந்தார். குரல் உயரவில்லை. அதுதான் பயம்.

"காட்டு."

காட்டினாள். முழுப் படத்தையும்.

அவர் லுங்கியைப் பார்த்தார். படத்தில் இருந்ததையும், தான் கட்டியிருந்ததையும். அதே கட்டம்.

"ஊரு பூரா பாத்தாச்சு."

"வேடிக்கைக்குப்பா..."

"எத்தனை நாளா நடக்குது?"

"தொண்ணூத்தி மூணு நாளா."

"எல்லாத்துலயும் நானா?"

"பாதியிலதாம்பா."

ரோசா நடுவில் புகுந்தாள். "ஏங்க, அவ மேல தப்பு இல்லை. நான்தான் கால வெட்டிட்டேன்."

"நீ சும்மா இரு." அவர் டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள இந்தப் படம் இருக்கக்கூடாது."

"அப்பா, அதை எடுத்தா நான் அவுட்டு. தொண்ணூத்தி மூணு நாளும் போயிடும்."

"போவட்டும். நீ எதை முடிச்ச, இதை முடிக்க?"

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சாப்பிடவில்லை. டேப்லெட்டும் அவரோடு போய்விட்டது. ஒரு விரல் தப்பித் தொட்டால் போதும், படம் போய்விடும். அவராக அழிக்கக்கூட வேண்டாம், கை தவறினாலே போதும்.

"சித்தப்பா வர்றதைச் சொல்லவே இல்லியேம்மா."

"ஓடுடி," என்றாள் ரோசா. "ஸ்கூட்டியை எடு."

* * *

அப்பா கமலக்கண்ணன் வீட்டில் இல்லை. கதீட்ரலில் இல்லை. கடற்கரைச் சாலையில் வழக்கமான பெஞ்சில் ஒரு வெளியூர்க் குடும்பம் சுண்டல் தின்றுகொண்டிருந்தது. வெயிலில் அஞ்செல் ஒவ்வொரு தெருவாகச் சுற்றினாள். இரண்டரை. மூன்று. சிக்னலில் நின்றபோதெல்லாம் போனில் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். படம் இருந்தது. இன்னும் இருந்தது. ஆயிரத்து இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் நடுத் தெருவில் ஆடியிருப்பாள்.

மூன்று இருபதுக்கு வைத்திக்குப்பம் கரையில் அவரைக் கண்டுபிடித்தாள்.

கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அஞ்சலாட்சி. வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வெற்றிலை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நீதான சொல்தா? பூனை உன்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கினு போவுது!"

"சும்மா இரு அஞ்சலாட்சி."

"அடுத்ததைத் தள்ளு, எனக்கு ஈரக் கை. ஐய, இதுல பாரேன். அலையைப் பாத்து நீ சல்யூட் அடிக்கிற. அது திருப்பி அடிக்குது!"

ஜோசப் ஆனந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் நிழல் மணலில் விழுந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அஞ்சலாட்சிக்கு விஷயம் புரிந்தது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, ஒரு நாளு என்னையும் வரை. ஒல்லியா வரை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அஞ்செல் மணலில் உட்கார்ந்தாள்.

"பூராத்தையும் பாத்தேன்," என்றார் அவர்.

"ம்."

"நீ ஒரு நாள்கூட விடல."

"இல்லப்பா."

"காய்ச்சலா கிடந்தியே, நவம்பர்ல. அன்னிக்கும் ஒண்ணு இருக்குது. கோடு மட்டும் கொஞ்சம் நடுங்குது." அவர் கடலைப் பார்த்துப் பேசினார். "எதை முடிச்சன்னு கேட்டது தப்பு. ஆனா இந்தக் கடைசிப் படம் வேணாம். ஒரு பொய்ச் சாவை ஊரெல்லாம் பரப்புன படம். இதை எடுத்துடு."

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆலேன் சித்தப்பா ஏர்போர்ட்டுல இருக்காரு."

"யாரு?"

"சித்தப்பா. நீங்க இறந்துட்டீங்கன்னு நினைச்சுக் கிளம்பிட்டாரு. நாலரைக்கு ஃப்ளைட்டு."

ஒரு படகு கரைக்கு வந்து இரண்டு பேர் குதித்து இழுப்பதை ஜோசப் ஆனந்த் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வரமாட்டேன்னான்."

"வர்றாரு."

"உண்மையைச் சொன்னீங்களா?"

"செத்ரிக் மாட்டேன்னுட்டான். எங்களையே சொல்லச் சொன்னான். போன் போட எனக்குத் தைரியம் வரல."

"கதவைத் தட்டுவான். நான் தொறப்பேன். அப்புறம்?" அவர் குரல் உடைந்து கோபமாக வெளியே வந்தது. "கேலி பண்ணி வரவழைச்சோம்னு நினைப்பான். ஒரு கார்ட்டூனைக் காட்டி அழ வச்சு வரவழைச்சோம்னு. அப்புறம் நெசமாவே நான் செத்தாலும் நம்ப மாட்டான். இதுல எதைத் தொட்டா அழியும்?"

அவர் டேப்லெட்டை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். வேறொரு பட்டனைக் காட்டியிருக்கலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை.

"மேல மூணு புள்ளி இருக்குது பாருங்க. அதைத் தொட்டா கீழே ஒரு குப்பைத் தொட்டி வரும். அதைத் தொட்டா போயிடும். திரும்ப வராது."

அவர் மூன்று புள்ளியைத் தொட்டார். குப்பைத் தொட்டி வந்தது. கட்டை விரல் அதன் மேலே நின்றது. வெயிலில் திரை மங்கியது, மறுபடி தெளிந்தது.

அஞ்செல் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே எடுங்க. நான் எடுக்க மாட்டேன்," என்றாள். "ஆனா ஒண்ணு யோசிங்கப்பா. சித்தப்பா பாத்தது பாதிப் படம். முழுசும் இருந்தாத்தான் அது கேலியில்லை, அம்மா வெட்டினதால வந்த வினைன்னு புரியும். இதை அழிச்சுட்டு நாம வாயால என்ன சொன்னாலும் அவரு எதை நம்புவாரு?"

விரல் நின்றது. நின்றது. பிறகு மெதுவாகத் திரையை விட்டு எழுந்தது.

"மணி என்ன?"

"மூணே முக்கால்."

"போன் போடு."

"நான் பேசட்டுமா?"

"நீ போடு. ஸ்பீக்கர்ல வை."

மணி அடித்தது. மூன்று முறை. நான்கு முறை. எடுத்தார்.

"அஞ்செல், கண்ணு." ஆலேனின் குரல். பின்னால் விமான நிலையத்து இரைச்சல். "வந்துகிட்டே இருக்கேம்மா. ஃப்ளைட்டு ஏறுற கேட்டுக்கு முன்னாடிதான் நிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. பெட்டியை மூடிடாதீங்க. யாரு அவசரப்படுத்தினாலும் மூடிடாதீங்க. அண்ணன் மூஞ்சிய நான் ஒரு தடவை..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அஞ்செல் அப்பாவைப் பார்த்தாள். ஜோசப் ஆனந்த் தொண்டையைச் செருமினார்.

"டேய்."

இரைச்சல் மட்டும்.

"ஆலேன். நான்தாண்டா."

அவர் போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"சாவலடா. நல்லாத்தான் இருக்கேன். பொண்ணு ஒரு படம் வரைஞ்சிது. உங்க அண்ணி அதுல என் முட்டி தெரியுதுன்னு கீழ்ப் பாதிய வெட்டிட்டா. மேல் பாதிய குரூப்புல போட்டுட்டா. அவ்வளவுதான் நடந்தது. யாரும் உன்னை ஏமாத்தல."

பெண் குரல் ஒன்று பிரெஞ்சில் அறிவித்தது. சென்னை என்ற ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"கேக்குதாடா? திரும்பிப் போறதுன்னா இப்பவே போயிடலாம். உன் மேல தப்பில்லை. அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது..." அவர் நிறுத்தினார். மணலை ஒரு பிடி அள்ளினார். கீழே விட்டார். "வர்றதுன்னா வா. உசுரோட இருக்கறவன் வூட்டுக்கு வா."

அறிவிப்பு மறுபடி கேட்டது.

பிறகு ஆலேன் பேசினார். மிகச் சின்னக் குரலில்.

"முழுப் படத்தை அனுப்பு."

ஜோசப் ஆனந்த் மகளைப் பார்த்தார். "அனுப்பு."

அஞ்செல் அனுப்பினாள். விரல் வழுக்கியது, மறுபடி தொட்டாள். ஒரு டிக். இரண்டு டிக். இரண்டும் நீலமாயின.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அப்பாவாலும் முடியவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. யாரோ ஒரு அதிகாரி "முசியே, முசியே" என்று கூப்பிட்டான். அப்புறம் இணைப்பு அறுந்தது.

திரும்பப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

செத்ரிக்குக்குப் போட்டாள். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நாலரை ஆனது. கடலில் ஒன்றும் மாறவில்லை. ஏறினாரா, கேட்டிலேயே நின்றுவிட்டாரா, சொல்ல ஆளில்லை.

ஜோசப் ஆனந்த் எழுந்து லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டினார். டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்து மகளிடம் கொடுத்தார்.

"அந்த ஃப்ளைட்டு சென்னையில எப்ப இறங்குது?"

"ராத்திரி ரெண்டரைக்கு."

"அப்ப பதினோரு மணிக்குக் கார் சொல்லிடு. உங்கம்மாவும் வரட்டும்."

"அப்பா, அவரு ஏறலன்னா?"

"ஏறலன்னா காபி குடிச்சிட்டுத் திரும்பி வருவோம்."

ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஐந்தாறு வருஷத்தில் அவள் வண்டியில் அவர் ஏறியதில்லை.

"மெதுவா ஓட்டு," என்றார். உடனே, "இல்ல, சீக்கிரம் போ. சட்டையெல்லாம் அயர்ன் பண்ணணும்."